காளி தாமதமாக எழுந்தாள்

பத்து நாள் விபாசனா முகாமில் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்பியிருக்கும் நண்பர்களுக்கு,



கைப்பேசி கைக்கு வந்திருக்கும். பெட்டியைப் பிரிப்பதற்குள் வீட்டு நிலவரம் முழுவதும் காதுக்கு வந்து சேர்ந்திருக்கும்: மோட்டார் ஓடவில்லை, மாமியாருக்குச் சர்க்கரை கூடிவிட்டது, பாத்திரம் தேய்க்கிற அம்மா முந்தாநாளிலிருந்து வரவில்லை. திருமுடிவாக்கம் தம்ம சேதுவில் உட்கார்ந்தவர்களானாலும், இகத்புரி வரை ரயிலேறிப் போனவர்களானாலும் அட்டவணை ஒன்றேதான். விடிகாலை 4 மணிக்கு மணியோசை, நாளெல்லாம் அமர்வு, 11 மணிக்கே மதிய உணவு, மாலையில் தேநீரோடு ஏதோ கொஞ்சம். பத்தாம் நாள் காலை மெத்தா என்கிற அன்புப் பாவனையைச் சொல்லிக்கொடுத்து மௌனத்தைக் கலைக்கிறார்கள். மறுநாள் காலை வாசலில் ஆட்டோ நிற்கிறது.

அந்த ஆட்டோவில் ஏறிய பிறகு மெத்தாவுக்கு என்ன ஆகிறது என்பது பற்றித்தான் இந்த மடல்.

கூட்டு தியானம் முடிந்து காபி குடிக்கும்போது நாம் என்ன பேசிக்கொள்கிறோம்? யாருக்கு எந்த அமர்வில் உடம்பு கரைந்தது, எந்தச் சங்காரா (பழைய மனப்பதிவு) மேலே வந்தது, மெத்தா நேரத்தில் நெஞ்சு எப்படி நிறைந்தது என்றே பேச்சு ஓடும். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். எனக்கும் நிறைந்திருக்கிறது. ஆனால் புத்தர் பேசிய கருணையைச் சூத்திரங்களில் தேடிப் படிக்கப் படிக்க எனக்குப் பட்டது வேறு. அது மனசுக்கு இதமாக இருப்பதற்கு முன்னால் ஒரு வேலைப் பங்கீடாக இருக்கிறது. எந்த வேலை யார் தலையில் விழுகிறது, அதை யார் கவனிக்கிறார்கள், யார் எழுந்து போய்ச் செய்கிறார்கள். தண்ணீர்ப் பானை, எச்சில் தொட்டி, கூலி, லீவு என்று வெகு சாதாரணமான சாமான்களோடுதான் பாலி நூல்களில் அது நடமாடுகிறது.

முகாமில் நல்லவராக இருப்பது சுலபம். பேச்சே இல்லாத இடத்தில் பொய் எங்கிருந்து வரும்? முதல் நாள் மாலை ஐந்து சீலங்களை வாங்கிக்கொள்கிறோம். வாங்கிய கையோடு கதவைச் சாத்திவிடுகிறார்கள், மீறுவதற்கு வழியில்லை. கொசுவைத் தவிர நம் பொறுமையைச் சோதிக்க அங்கே யாரும் கிடையாது. இட்லி வெந்து வருகிறது, கூடம் கூட்டியிருக்கிறது, தண்ணீர் நிரம்பியிருக்கிறது. தம்ம சேவகர்கள் என்று சிலர் சமையற்கட்டில் இருளோடு எழுந்து காய் நறுக்கிக்கொண்டிருந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அல்லது தலையைக் குனிந்தபடி கடந்து போயிருப்பீர்கள். அவர்களுக்குச் சம்பளம் இல்லை. நமக்குக் கட்டணம் இல்லை, முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போனவர்கள் போட்ட தானத்தில்தான் நம் சாப்பாடு. நாம் பத்து நாள் உட்கார்ந்ததற்குப் பின்னால் அத்தனை பேர் நின்றிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் அந்தச் சேவகர் வேலை யாருடையது என்ற கேள்வி முதல் வேளைக் காபியிலேயே வந்துவிடும்.

மஜ்ஜிம நிகாயத்தின் 21ஆவது சூத்திரத்துக்கு ரம்பத்தின் பெயர். இருபக்கமும் பிடிபோட்ட ரம்பத்தால் திருடர்கள் அங்கம் அங்கமாக அறுத்தாலும் அவர்கள்மேல் பகை கொள்ளக்கூடாது என்று புத்தர் பிக்குகளுக்குச் சொல்லும் இடம். மெத்தாவைப் பற்றி யார் பேசினாலும் அந்த ரம்பம் வந்துவிடும். எனக்கு அதன்மேல் அவ்வளவு ஆர்வம் இல்லை. சென்னையில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு அப்படியொரு சோதனை நேரப்போவதில்லை. அதே சூத்திரத்தில், ரம்பத்துக்கு முன்னால், ஒரு வேலைக்காரப் பெண்ணின் கதை வருகிறது. அதை ஏனோ நம்மவர்கள் அதிகம் எடுப்பதில்லை.

சாவத்தி நகரத்தில் வேதேஹிகா என்று ஒரு வீட்டம்மா. சாது, அடக்கமானவள், அதிர்ந்து பேசத் தெரியாதவள் என்று ஊரெல்லாம் பேர். அவள் வீட்டில் காளி என்ற அடிமைப் பெண். கெட்டிக்காரி, சுறுசுறுப்பு, செய்கிற வேலையில் குறை வைக்காதவள். ஒருநாள் காளிக்கு ஒரு சந்தேகம் வருகிறது. நம் அம்மாவுக்குக் கோபம் உள்ளே இல்லவே இல்லையா, இருந்தும் காட்டாமல் இருக்கிறாளா? ஒருவேளை நாம் வேலையை இவ்வளவு கச்சிதமாகச் செய்வதால்தான் அவளுக்குக் கோபம் வர வழியே இல்லாமல் இருக்கிறதோ? சோதித்துப் பார்த்துவிடலாம் என்று மறுநாள் விடிந்த பிறகு எழுந்திருக்கிறாள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கிறாள் வேதேஹிகா. ஒன்றுமில்லை என்கிறாள் காளி. அம்மாவின் முகம் சுளிக்கிறது. இருக்கிறது, காட்டவில்லை, அவ்வளவுதான் என்று காளி புரிந்துகொள்கிறாள். அடுத்த முறை இன்னும் தாமதம், இப்போது வசவு விழுகிறது. மூன்றாம் முறை இன்னும் தாமதம். கதவின் தாழ்க்கட்டையை எடுத்து வேதேஹிகா அவள் தலையில் போட்டுவிடுகிறாள். வழிகிற ரத்தத்தோடு தெருவுக்கு வந்து, பாருங்கள் அந்தச் சாதுவின் வேலையை என்று காளி அக்கம்பக்கத்துக்குக் காட்டுகிறாள். அத்தோடு போயிற்று வேதேஹிகாவின் பேர்.

மனசுக்குப் பிடிக்காத சொல் காதில் விழாதவரைக்கும் எந்தப் பிக்குவும் சாதுதான் என்று புத்தர் இந்தக் கதையை முடிக்கிறார். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, கதையில் யோசிக்கிறவள் யார் என்பது. சந்தேகப்படுவதும், சோதனையை வகுப்பதும், படிப்படியாக முடிவுக்கு வருவதும் காளி. இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டம்மாவின் அன்பை எடைபோடும் உரிமையை அவள் வீட்டு அடிமைப் பெண்ணிடம் கொடுத்து ஒரு கதை சொல்லியிருக்கிறார்கள். நம் தியானம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று நாம் ஆசாரியரிடம் கேட்கிறோம். கேட்க வேண்டிய இடம் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது.

இன்னொன்று, அந்த 'ஒன்றுமில்லை'. நம் வீடுகளிலும் தினம் கேட்கிற பதில்தான் அது. "ஏம்மா லேட்டு?" "ஒண்ணுமில்லக்கா." கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் வேலைக்கு வருகிற பெண்களின் விடியற்காலை என்னவென்று கொஞ்சம் பார்க்கலாம். ஆற்றங்கரைகளிலிருந்தும் கால்வாய் ஓரங்களிலிருந்தும் குடிசைகளை எடுத்து, நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிகளில் கொண்டுபோய் வைத்தோம். வேலை மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் காசு வேண்டாம், அது பெரிய உபகாரம். ஆனால் அந்தப் பேருந்துதான் வரவேண்டும். டீலக்ஸ் இரண்டு போனாலும் நின்று காத்திருக்க வேண்டும், டிக்கெட் எடுத்தால் அன்றைய கணக்கு இடிக்கும். அதற்கு முன்னால் குழாயில் தண்ணீர் வந்திருக்க வேண்டும், பிள்ளை எழுந்திருக்க வேண்டும், லிஃப்ட் ஓட வேண்டும். இதையெல்லாம் ஒரு வாசற்படியில் நின்றுகொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்கிறவரிடம் எப்படிச் சொல்வது? ஒண்ணுமில்லக்கா என்பதோடு முடித்துக்கொண்டு விளக்குமாற்றை எடுக்கிறார்கள். சொன்னால் கேட்டுக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை வந்தால்தான் ஒருவர் வாயைத் திறப்பார். அந்த நம்பிக்கை ஒரே நாளில் வராது. சம்பளத்தைப் பிடிக்காமல் நாலைந்து முறை தாமதத்தை விட்டுப் பார்த்தபின் வரலாம்.

அப்படியானால் எதுவுமே சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். அலுவலகம் இருக்கிறது, பள்ளி வேன் இருக்கிறது, நேரத்துக்கு வேலை நடந்தாக வேண்டும். சொல்லலாம். நல்ல பேச்சுக்கு ஐந்து அடையாளங்களை அங்குத்தர நிகாயம் தருகிறது: உரிய நேரத்தில் இருக்க வேண்டும், உண்மையாக இருக்க வேண்டும், மென்மையாக, பயன் தருவதாக, நல்லெண்ணத்தோடு. இதில் முதலாவதிலேயே நாம் தோற்றுவிடுகிறோம். மூச்சிரைக்கப் படியேறி வந்து நிற்கிற அந்த நிமிஷம் உரிய நேரம் இல்லை. வேலை முடிந்து, காபி குடித்து, முந்தானையில் முகம் துடைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு, "எட்டரைக்கு வர முடியுதா பாருங்க, இல்லன்னா நேரத்த மாத்திக்கலாம்" என்றால் வழி பிறக்கும். உட்கார்ந்த பிறகு என்றேன். உட்கார ஒரு நாற்காலி அவருக்கு நம் வீட்டில் உண்டா?

முதலாளிகள் வேலை செய்கிறவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைப் புத்தர் மிச்சம் வைக்காமல் பட்டியல் போட்டிருக்கிறார். ராஜகிருகத்தில் சிகாலன் என்ற பையன் நனைந்த துணியும் ஈரத்தலையுமாக ஆறு திசைகளையும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறான், சாகும்போது அப்பா சொல்லிவிட்டுப் போனார் என்பதற்காக. திசையைக் கும்பிடுகிற முறை இதில்லையப்பா என்று புத்தர் கிழக்குக்குப் பெற்றோரை வைக்கிறார், தெற்குக்கு ஆசிரியரை, மேற்குக்கு மனைவி மக்களை, வடக்குக்கு நண்பரை, மேலே துறவிகளை. கீழ்த்திசைக்கு வேலைக்காரர்கள். அவர்களுக்கு எஜமான் செய்ய வேண்டியவை ஐந்து: பலத்துக்கு ஏற்ற வேலை, சாப்பாடும் கூலியும், உடம்பு முடியாதபோது பராமரிப்பு, வீட்டில் விசேஷமாகச் செய்த பண்டத்தில் பங்கு, தக்க சமயத்தில் ஓய்வு. தீக நிகாயத்தின் 31ஆவது சூத்திரத்தில் இது இருக்கிறது. கூலி, மருத்துவம், லீவு என்று வரிசைப்படி பார்த்தால் ஒரு தொழிற்சங்கத்தின் கோரிக்கை மனு. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று நல வாரியம் வந்தது 2007இல். வீட்டு வேலையும் ஒரு வேலையே என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 189ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது 2011இல்.

புத்தர் சொன்ன அந்த ஐந்தில் நான்காவதை நாம் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன். விசேஷப் பண்டம் என்றால் சுடச்சுட, நமக்கு வைக்கும்போதே அவருக்கும். ஃபிரிஜ்ஜில் மூன்று நாள் இருந்த சாம்பாரைத் தூக்கிக் கொடுப்பது அந்தக் கணக்கில் சேராது. கழிவறையைக் கழுவச் சொல்லிவிட்டு அதே கழிவறையை அவர் பயன்படுத்தக் கூடாது என்கிற வீடுகள் நம் நண்பர்கள் மத்தியிலும் உண்டு. தனி டம்ளர் இன்னும் பல வீடுகளில் ஜன்னலோரம் கவிழ்ந்திருக்கிறது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், ஒரு வீட்டில் சம்பளம் ஏற்றினால் மற்றவர்களுக்கும் ஏற்ற வேண்டி வரும், யாரும் ஏற்றாதீர்கள் என்று பேசி வைத்துக்கொள்கிறோம். அந்தக் கூட்டத்தில் கையைத் தூக்கி மறுத்துப் பேசுவது, என் அபிப்பிராயத்தில், நூறு மெத்தா அமர்வுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

இந்த இடத்தில் சில நண்பர்கள் நெளிவார்கள். இது வெறும் பயிற்சி, மதமும் இல்லை சமூகப் பிரச்சினையும் இல்லை, சாதியையெல்லாம் இதற்குள் ஏன் இழுக்கிறீர்கள் என்பார்கள். சாதிப் பேச்சு புத்தர் காலத்திலேயே இதற்குள் வந்துவிட்டது. சாக்கிய இளவரசர்கள் துறவு பூண வந்தபோது கூடவே அவர்களுடைய நாவிதர் உபாலியும் வந்தார். நாங்கள் மானம் ரோஷம் பார்க்கிற குலம், ஆகவே முதலில் உபாலிக்குத் தீட்சை கொடுங்கள், அப்போது நாங்கள் அவரை வணங்கியாக வேண்டும் என்று இளவரசர்களே கேட்டுக்கொண்டதாக வினய பிடகம் சொல்கிறது. நம் ஊரில் அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியதும், அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு தீட்சை பெற்றதும் உடம்பில் ஓடும் உணர்வுகளைக் கவனிப்பதற்காக மட்டும் அல்லவே. தனி டம்ளரை வைத்துக்கொண்டு தம்மத்தை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. இதை மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்த இளவரசர்களில் ஒருவர் அனுருத்தர். செல்லமாக வளர்ந்தவர். சோறு எங்கிருந்து வருகிறது என்று சிறுவயதில் அவர்களுக்குள் ஒரு விவாதம் வந்ததாம், தம்மபத உரையில் இருக்கிறது. குதிரிலிருந்து என்றார் கிம்பிலர், பானையிலிருந்து என்றார் பத்தியர், பொன் கிண்ணத்திலிருந்து என்றார் அனுருத்தர். அந்தப் பிள்ளை பெரியவராகித் துறவியாகி, கிம்பிலர், நந்தியர் ஆகியோரோடு கோசிங்க சாலவனத்தில் தங்கியிருக்கிறார். புத்தர் பார்க்க வருகிறார். ஒற்றுமையாக இருக்கிறீர்களா என்று விசாரிக்கிறார். பாலும் தண்ணீருமாக இருக்கிறோம் என்கிறார் அனுருத்தர். எப்படி என்று கேட்டால், என் விருப்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டு இவர்கள் விருப்பப்படி நடந்தால் என்ன என்று யோசிக்கிறேன், அப்படியே நடக்கிறேன் என்று பதில். அடுத்த கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. முயற்சியோடு, ஊக்கத்தோடு இருக்கிறீர்களா என்கிறார். பயிற்சி எப்படிப் போகிறது என்று ஆசாரியர் கேட்கிற மாதிரிதான். எந்த ஜானத்தில் (தியான நிலையில்) எவ்வளவு நேரம் என்று பதில் வரும் என எதிர்பார்ப்போம். அதெல்லாம் பிற்பாடு வருகிறது. முதல் பதில் இது: பிச்சை எடுத்துவிட்டு யார் முதலில் திரும்புகிறாரோ அவர் ஆசனம் போட்டு, குடிக்கவும் கழுவவும் தண்ணீர் எடுத்து வைத்து, எச்சில் தொட்டியையும் வைத்துவிடுவார். கடைசியில் வருகிறவர் மிச்சம் இருந்தால் சாப்பிடுவார், வேண்டாமென்றால் புல் பூண்டு இல்லாத இடத்தில் கொட்டுவார், அல்லது உயிரினம் இல்லாத தண்ணீரில் விடுவார். எல்லாவற்றையும் எடுத்து வைத்துக் கூட்டிவிடுவார். குடிக்கிற பானையோ, கழுவுகிற பானையோ, கழிவறைப் பானையோ காலியாக இருப்பதை யார் பார்க்கிறாரோ அவர் நிரப்புவார். கனமாக இருந்தால் கையசைத்து இன்னொருவரைக் கூப்பிட்டு இருவருமாகத் தூக்குவார்கள். அதற்காக மௌனத்தைக் கலைப்பதில்லை.

யார் பார்க்கிறாரோ அவர். முறை வைக்கவில்லை, அட்டவணை இல்லை, நேற்று நான் நிரப்பினேன் என்ற கணக்கும் இல்லை. பொன் கிண்ணத்தில் சோறு விளையும் என்று நம்பிய பிள்ளை வந்து சேர்ந்த இடம் அது.

இதை அப்படியே நம் வீட்டு விடியற்காலைக்குக் கொண்டுவருவோம். வீட்டில் இருக்கும்போது காலை ஒரு மணி, மாலை ஒரு மணி உட்காரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஐந்தரையிலிருந்து ஆறரை வரை என்று பலர் வைத்துக்கொள்கிறோம். அது எந்த நேரம்? பால் பாக்கெட் வருகிற நேரம், கேன் தண்ணீர் தீர்ந்துபோனது தெரிகிற நேரம், இரண்டு டிபன் பாக்ஸும் ஒரு லஞ்ச் பையும் தயாராக வேண்டிய நேரம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கணவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அதிட்டானத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். "அப்பா தியானத்துல இருக்காரு, சத்தம் போடாதே" என்று அம்மா பிள்ளைகளை அடக்குவார். குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்று தெரிந்ததும் ஓடிப்போய் அடுப்பைக் குறைப்பார். ஒருநாள் கணவர் கதவைத் திறந்துகொண்டு வந்து, "அந்த மிக்ஸியை அப்புறம் போட்டா என்ன?" என்று கேட்டாராம். அவர் மனைவி சிரித்துக்கொண்டுதான் என்னிடம் இதைச் சொன்னார், ஆனால் சிரித்து முடித்த பிறகு, "எனக்கும் ஒரு முகாமுக்குப் போகணும்னு ஆசைதான், பத்து நாள் யாரு பாத்துப்பா?" என்றார். அந்தக் காலை ஒரு மணி நேரம் அவருடைய சம்பாத்தியம், கணவர் அதைச் செலவு செய்துகொண்டிருக்கிறார். நாலு மணிக்கு எழப் பழகியவர்கள் நாம். கொஞ்சம் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டு ஐந்தரைக்குச் சட்னி அரைக்க வரலாம். அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் அவர் உட்காரட்டும், நாம் விசிலை எண்ணலாம்.

குடும்பஸ்தருக்கு இதெல்லாம் எப்படி முடியும் என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கு ஒரு நினைவூட்டல். நம் குரு பரம்பரையின் கடைசி மூவரும் குடும்பஸ்தர்கள். சயா தெட்ஜி பர்மாவின் நெல் விவசாயி. அவரிடம் கற்ற ஊ பா கின் 1948இல் சுதந்திர பர்மாவின் தலைமைக் கணக்காயர், ஃபைல் கட்டுகளுக்கு நடுவிலிருந்து கற்றுக்கொடுத்தவர். அவரிடம் கற்ற கோயங்காஜி மாந்தளேயில் பிறந்த வியாபாரி. இந்த மூவரில் பிக்கு யாரும் இல்லை.

வீட்டுக்கு வெளியே ஒரே ஒரு இடம் சொல்லிவிட்டுப் போகிறேன், தி.நகர் ஜவுளிக்கடை. நாம் உட்கார்வதற்கென்றே லீவு போட்டு, மெத்தை மேல் மெத்தை அடுக்கி, முதுகு வலிக்கிறது என்று ஆசாரியரிடம் மனுக்கொடுத்தோம். அந்தக் கடைப் பெண்கள் வேலை நேரத்தில் உட்காரலாம் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021இல்தான். கேரளத்தில் அதற்கு மூன்று வருஷம் முன்னால். சட்டம் வந்தாலும் நாற்காலி எல்லாக் கடையிலும் வந்தபாடில்லை. புடவை எடுக்கப் போனால் நாலு பீஸ் பார்த்துத் தீர்மானியுங்கள். வாங்கப் போவதில்லை என்றால் மலையாகக் குவிக்கச் சொல்லாதீர்கள், அத்தனையையும் மடிக்கப் போவது அந்தப் பெண்தான். "நீங்க உக்காருங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று மேற்பார்வையாளர் காதில் விழும்படி சொல்லிப் பாருங்கள்.

இனி, சொல்வதற்கே கொஞ்சம் தயக்கமான ஒன்று. வயிற்றுப்போக்கில் விழுந்து, தன் மலமூத்திரத்திலேயே கிடந்த ஒரு பிக்குவைப் புத்தரும் ஆனந்தரும் விகாரையைச் சுற்றி வரும்போது பார்க்கிறார்கள். கவனிக்க ஆளில்லையா என்று புத்தர் கேட்கிறார். இல்லை என்கிறார் அவர். ஏன்? நான் மற்ற பிக்குகளுக்கு எதுவும் செய்கிறதில்லை, அதனால் அவர்கள் எனக்குச் செய்கிறதில்லை என்கிறார். ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, புத்தர் ஊற்ற ஆனந்தர் கழுவ, தலைப்பக்கம் ஒருவரும் கால்பக்கம் ஒருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். பிறகு சங்கத்தைக் கூட்டுகிறார். உங்களுக்குத் தாய் தகப்பன் இங்கே இல்லை, நீங்கள் ஒருவரையொருவர் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பது என்று கேட்டு, எனக்குச் செய்ய நினைக்கிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்கிறார். அந்தப் பிக்கு நல்லவர், பாவம், அவரைக் கைவிட்டுவிட்டீர்களே என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் யாருக்கும் உதவாதவர்தான், அவரே ஒப்புக்கொள்கிறார். அந்தக் கணக்கைப் புத்தர் எடுத்துக்கொள்ளவே இல்லை.

அதோடு விடாமல் நல்ல பராமரிப்பாளரின் தகுதிகளையும் வினயம் சொல்கிறது. மருந்து தயாரிக்கத் தெரிய வேண்டும். நோயாளிக்கு ஆவது எது, ஆகாதது எது என்று தெரிய வேண்டும். ஆதாயத்துக்காக இல்லாமல் அன்போடு செய்ய வேண்டும். மலம், மூத்திரம், எச்சில், வாந்தி எடுத்துப்போட அருவருக்கக் கூடாது. நோயாளிக்குத் தெம்பு வரும்படி அவ்வப்போது பேச வேண்டும். பராமரிக்கக் கஷ்டமான நோயாளி யார் என்றும் ஒரு பட்டியல் உண்டு: பத்தியம் காக்காதவர், மருந்து குடிக்காதவர், எங்கே வலிக்கிறது என்று உள்ளபடி சொல்லாதவர், வலி பொறுக்காதவர். படுக்கையில் அப்பாவோ மாமியாரோ உள்ளவர்கள் இதைப் படித்துச் சிரித்துவிடுவீர்கள். ஆனால் நம்மில் எத்தனை ஆண்கள் அப்பாவுக்கு டயப்பர் மாற்றியிருக்கிறோம்? மருமகள் செய்கிறாள், அல்லது ஏஜென்சி அனுப்பிய ஒரு பெண் செய்கிறாள். சம்பளத்துக்கு ஆள் வைப்பதில் தப்பில்லை, எல்லோராலும் எல்லாம் முடியாது. ஆனால் அந்தப் பெண் தூங்கினாளா, சாப்பிட்டாளா என்று பார்ப்பதும், ஞாயிறு ஒரு வேளையாவது நாமே தண்ணீர் வைத்துத் துடைத்துவிடுவதும் நம்மால் முடியும். நம் மொழியின் பௌத்தக் காப்பியத்தில் மணிமேகலை அமுதசுரபியை ஏந்திக்கொண்டு போவதும் உலகவறவிக்குத்தான், திக்கற்றவர்களும் நோயாளிகளும் ஒதுங்கும் பொது அம்பலத்துக்கு. அப்புறம் சிறைச்சாலைக்கு.

இத்தனையும் செய்தாலும் யார்மேல் நமக்குக் கோபம் போகாதோ, அப்படி ஒருவர் எல்லோருக்கும் இருப்பார். மேல்வீட்டிலிருந்து ஒழுகுகிற தண்ணீருக்குப் பதில் சொல்லாதவர், பார்க்கிங்கில் வண்டியை நகர்த்தாதவர். விசுத்திமார்க்கம் எழுதிய புத்தகோசர் காஞ்சிபுரத்தில் சில காலம் தங்கியவர், நம் ஊர்ச் சண்டைகளைப் பார்த்திருப்பார் என்று நானாக நினைத்துக்கொள்வேன். அந்த நூலின் மெத்தா அத்தியாயத்தில் பகையைத் தணிக்க உபாயம் மேல் உபாயமாக அடுக்கிக்கொண்டே போகிறார். எதிரியின் நல்ல குணத்தை நினை, ஒன்றுமே தேறவில்லையா, அவன்மேல் இரக்கப்படு, ஏதோ ஒரு பிறவியில் அவன் உனக்குத் தாயாக இருந்தவன் என்று நினை, கோபப்படுவது அவன் தலைமயிரிடமா நகத்திடமா என்று பிரித்துப் பார். எதுவும் பலிக்கவில்லையென்றால் கடைசியாக ஒன்று சொல்கிறார்: ஏதாவது கொண்டுபோய்க் கொடு. இலங்கையில் சித்தலபப்பத விகாரையில் தன்னை மூன்று முறை இருப்பிடத்திலிருந்து எழுப்பிவிட்ட மூத்த பிக்குவுக்கு, தன் தாய் வாங்கித் தந்த எட்டுக் காசு பெறுமான பிச்சைப் பாத்திரத்தைக் கொடுத்துவிட்ட ஒரு துறவியை உதாரணம் காட்டுகிறார். அத்தனை தியான உபாயங்களும் தோற்ற இடத்தில் கை நீள்கிறது. மேல்வீட்டுக்காரருக்கு ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒழுகல் பேச்சை அன்று எடுக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முகாமுக்குக் கட்டணம் இல்லை என்று எல்லோரிடமும் சொல்கிறோம். பத்து நாள் கூலியை விட்டுவிட்டு வர முடிகிறவர்களுக்குத்தான் அது இலவசம். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவால் அது முடியாது. நாலு வீட்டில் வேலை செய்கிறார் என்றால் பத்து நாள் கழித்து வரும்போது இரண்டு வீடாவது கைமாறியிருக்கும். எனவே உங்கள் வீட்டுக்கு மட்டுமாவது வருஷத்தில் பத்து நாள் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். முடிந்தால் அவர் வேலை செய்கிற மற்ற மூன்று வீடுகளிலும் பேசிப் பாருங்கள், அதே அடுக்குமாடியில்தான் இருப்பார்கள். அவர் முகாமுக்குப் போக வேண்டும் என்பதில்லை. ஊர்த் திருவிழாவுக்குப் போகட்டும், மகள் பிரசவத்துக்குப் போகட்டும், வீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளட்டும். எங்கே போனீர்கள் என்று கேட்காதீர்கள். பதிலுக்கு ஆள் அனுப்பச் சொல்லவும் வேண்டாம், பத்து நாள் பாத்திரத்தை வீட்டில் ஆளுக்கு ஒரு வேளையாகத் தேய்த்துக்கொள்ளலாம். சம்பளத்தை மட்டும் லீவுக்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள், போகிற இடத்தில் செலவு இருக்கும்.

அன்புடன்,
உங்களோடு உட்கார்கிற பழைய மாணவி ஒருத்தி